மேமியோ ஏற்றத்தில் இழுக்காத லாரி

பர்மாவில் மாண்டலேயிலிருந்து மலை ஊரான மேமியோவுக்குச் சுமார் 67 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏறியாக வேண்டும். சீன எல்லையிலுள்ள மூசேவுக்குச் சரக்கு கொண்டுபோகும் லாரிகளின் குணம் அந்த ஏற்றத்தில்தான் வெளிப்படும்.

போன வாரம் எங்கள் தெருத் தம்பி ஒருவன் ஜப்பானிலிருந்து வந்த பழைய பத்துச் சக்கர லாரியோடு பட்டறைக்கு வந்தான். "அண்ணே, பாதி ஏற்றத்தில் இழுவை போய்விடுகிறது. ஓரங்கட்டிப் பத்து நிமிடம் நின்றால் சரியாகிறது. ஐந்தாறு மைல் போனதும் மறுபடி அதே கதை" என்றான். வேறொரு பட்டறையில் டீசல் பம்பைக் கழற்றிப் பூட்டி, எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நாசில்களையும் மாற்றியிருந்தார்கள். அவன் பணம் போனதுதான் மிச்சம்.

"புகை என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"புகையே இல்லை, அண்ணே."

கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. ஏர் பில்டரையும், எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவையும் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. சுமையோடு ஏறும்போது இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் எஞ்சின் போதிய டீசல் கிடைக்காமல் பட்டினி கிடக்கிறது. முதலில் அவனைப் பெடலை முழுவதும் மிதிக்கச் சொல்லி, பம்பின் லீவர் கடைசிவரை திரும்புகிறதா என்று பார்த்தேன். திரும்பியது. டீசல் பில்டரும் புதிது.

நின்றால் சரியாகிறது என்ற சொல்லே என் மனத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. தேய்ந்த பம்ப் பத்து நிமிட ஓய்வில் புதிதாகிவிடுமா? டாங்கிக் குழாயைக் கழற்றிவிட்டு, கேபினுக்குப் பின்னால் ஒரு டீசல் கேனைக் கட்டி, அதிலிருந்து புதுக் குழாய் போட்டுக் காற்றை எடுத்துவிட்டேன். அதே சுமையோடு ஏற்றத்துக்குப் போனோம். லாரி ஒருமுறைகூடத் தயங்கவில்லை. அப்படியென்றால் கோளாறு பம்பில் இல்லை, டாங்கிப் பக்கம்தான்.

திரும்பி வந்து டாங்கியை வடித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று, டீசலில் ஊறிப் பழுப்பேறி, பால் ஆடைபோல அடியில் மடிந்து கிடந்தது. வழியில் பீப்பாயிலிருந்து டீசல் ஊற்றியபோது விழுந்திருக்க வேண்டும். எஞ்சின் பலமாக உறிஞ்சும்போது அது மிதந்து வந்து குழாய் வாயில் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் உதிர்ந்து கீழே போய்விடும். சும்மா ஓடும் எஞ்சினுக்குக் கொஞ்சம் டீசல் போதும் என்பதால் பட்டறை வாசலில் இந்தக் கோளாறு பிடிபடவே பிடிபடாது.

பம்பில் கை வைப்பதற்கு முன் ஒரு கேனும் இரண்டு முழம் குழாயும் எடுத்திருந்தால் அந்தப் பையனின் பணம் மிஞ்சியிருக்கும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

டாங்கி மூடியின் காற்றுத் துளையிலும் செம்மண் அடைத்திருந்தது. கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, டாங்கி வாயில் போட ஒரு வலையும் கொடுத்து அனுப்பினேன்.