மூக்கில் போன ரெண்டு மார்க்

எம்.ஏ. ஆங்கிலத்தில் மொழி வரலாற்றுத் தாள் என்றாலே எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். முதல் இன்டர்னலில் 'நாஸ்ட்ரில்' என்ற சொல்லைப் பிரித்து விளக்கச் சொன்னார்கள். மூக்கில் டிரில் போட்ட மாதிரிதானே ஓட்டை இருக்கிறது என்று 'நோஸ் + டிரில்' என எழுதிவைத்தேன். ரெண்டு மார்க் போச்சு.

பழைய ஆங்கிலத்தில் அது 'நொஸ்திர்ல்'. 'நொசு' மூக்கு, 'திர்ல்' துளை. இந்தத் 'திர்ல்', இன்றைய 'த்ரூ'வின் உறவுக்காரன். ஊடாகப் போவதுதானே துளை. பிறகு ரகரம் இடம் மாறி 'த்ரில்' ஆனது. மதுரை கிராமத்து வாயில் மருதை ஆகிறதே, அதே கதை. (தேர்வில் இதற்கு 'மெட்டாதீசிஸ்' என்று பெயர் போட வேண்டும்.) ஸகரத்தை ஒட்டி நின்றதால் 'த்' தேய்ந்து 'ட்' ஆகிவிட்டது. சினிமாவில் நாம் சொல்லும் 'த்ரில்' கூட இந்தத் துளையிலிருந்து வந்ததுதான். முதலில் துளைப்பது, பிறகு மனசைத் துளைப்பது.

அதனால் என் யோசனை: இன்றைய ஸ்பெல்லிங்கை வைத்துச் சொல்லைப் பிரிக்காதீர்கள். பட்டியலையும் உருப்போட வேண்டாம். 'லார்ட்' என்றால் ரொட்டிக்குக் காவலன், 'லேடி' என்றால் மாவு பிசைபவள் என்பதெல்லாம் எல்லா கைடிலும் இருக்கிறது, ஒருமுறை படித்தாலே நிற்கும். ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு அது போகும் வழியெல்லாம் போங்கள்.

நான் 'திர்ல்' பின்னால் போனதில் ஜன்னல் கிடைத்தது. பழைய ஆங்கிலத்தில் ஜன்னலுக்கு 'ஏயக்திர்ல்', அதாவது கண் துளை. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறியவர்களோ 'வின்டவுகா' என்றார்கள், காற்றுக் கண். கடைசியில் ஜெயித்தது வந்தவர்கள் சொல்தான், அதுவே 'விண்டோ'. அந்தக் காலத்து வீட்டில் கண்ணாடி ஏது? காற்றும் வெளிச்சமும் வரச் சுவரில் ஓர் ஓட்டை, அவ்வளவுதான். நம் பழைய சொல் 'காலதர்'. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் அது 'மான்கண் காலதர்'! இதைப் பார்த்த பிறகு எனக்கு 'விண்டோ' மறக்கவே இல்லை.

செமஸ்டரில் 'விண்டோ'வையேதான் கேட்டார்கள். பழைய வடிவம், இரண்டு பாதிகளின் பொருள், எந்த மொழி வழி வந்தது, என்ன மாறியது என்று நாலு வரியில் முடித்தேன். ஓரத்தில் மான்கண்ணையும் எழுதலாமா என்று பேனாவைத் தூக்கினேன். அதற்குள் பெல் அடித்துவிட்டது.