நாற்பதைத் தாண்டி எல்.எல்.பி.: பகல் யார் கையில்?

"இந்த வயசுல போய் லா படிக்கலாமா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வயதை நினைத்துத்தான் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு நீதிமன்றங்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டன. மூன்றாண்டு எல்.எல்.பி.யில் சேர உச்ச வயது 30 என்று, சட்டக் கல்வியையும் வக்கீல் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் தன் 2008 சட்டக் கல்வி விதிகளில் எழுதியது. பிறகு அதைக் கைவிட்டது, 2016-ல் திரும்பக் கொண்டுவந்தது, 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. படித்து முடித்தபின் பதிவு செய்யும் இடத்திலும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது: 45 வயதைத் தாண்டியவர்கள் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது என்று 1993-ல் ஒரு விதி போட்டார்கள். 1995-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஆவது பிரிவு குறைந்தபட்ச வயது 21 என்கிறது. மேல் வரம்பு எதுவும் சொல்லவில்லை.

வயதை ஒதுக்கிவிட்டுப் பகலை எண்ணுங்கள். வகுப்பு நடப்பது பகலில். கோர்ட்டு நடப்பதும் பகலில். உங்கள் பகல் வேறொருவருக்குச் சம்பளத்துக்கு விற்கப்பட்டிருந்தால், இந்தப் படிப்பு அதைத் திருப்பிக் கேட்கும்.

அதற்கு முன், எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இருபது வருடமாக இழுக்கும் பாகப்பிரிவினை வழக்கைத் தானே நடத்தவேண்டும் என்று சேர்பவர்கள் ஏராளம். சொந்த வழக்கை வாதாட வக்கீல் பட்டம் தேவையே இல்லை. பார்ட்டி-இன்-பெர்சனாக யாரும் நிற்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் தகவல் உரிமைச் சட்ட மேல்முறையீட்டுக்கும் அப்படித்தான். ஒரு வழக்குக்காக ஆறு செமஸ்டர் என்பது கிணறு வெட்டித் தாகம் தீர்ப்பது.

நீதிபதி ஆகவேண்டும் என்ற கனவோடு வருபவர்கள் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்கட்டும். 2025 மே 20-ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சிவில் நீதிபதி தேர்வுக்கு 3 ஆண்டு தொழில் அனுபவத்தைத் திரும்பக் கட்டாயமாக்கியது. 40-ல் சேர்ந்தால் 43-ல் பட்டம், 46-ல் அனுபவம்; அந்தத் தேர்வின் வயது வரம்பு அதற்குள் முடிந்துபோயிருக்கும். நோட்டரி ஆவது நடக்கக்கூடிய காரியம், ஆனால் மெதுவாக: பொதுப் பிரிவினருக்கு 10 ஆண்டு தொழில் அனுபவம் வேண்டும், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கும் 7.

இருக்கும் வேலையிலேயே பட்டத்தால் பதவி உயர்வு கிடைக்கும் என்றால், பார் கவுன்சில் பதிவு வரை போகவேண்டியதில்லை. கோர்ட்டில் நிற்பதுதான் ஆசை என்றால், மேலே படியுங்கள்.

சேர்வதற்கான தகுதியில் பலரும் சறுக்குவது மதிப்பெண்ணில் இல்லை, படிப்பின் வரிசையில். ஏதாவது ஒரு பட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 40 சதவீதம் என்பது பார் கவுன்சில் வைத்த தரை. ஆனால் பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை உடைந்திருக்கக் கூடாது. அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியது தடையில்லை. பிளஸ் டூ படிக்காமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியிருந்தால் அந்தப் பட்டம் எல்.எல்.பி.க்குச் செல்லாது. இது தெரியாமல் மூன்று வருடம் படித்துவிட்டுப் பதிவு நேரத்தில் மாட்டிக்கொண்டால் மீள்வது மிகக் கடினம். அதேபோல, அஞ்சல் வழியில் கிடைக்கும் பி.ஜி.எல். (பொதுச் சட்டப் பட்டம்) போன்ற பட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு வக்கீலாக முடியாது.

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பட்டப் படிப்பின் மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை. நாற்பது வயதுக்காரருக்கு இதில்தான் இடி. இருபது வருடத்துக்கு முன்னால் 58 சதவீதம் என்றால் தெருவே மெச்சியது. இன்று பக்கத்தில் நிற்பவர் 80 வைத்திருக்கிறார். நகரத்துக் கல்லூரியை மட்டும் குறிவைக்காமல் தருமபுரி, இராமநாதபுரம், தேனி என்று பட்டியலின் கடைசி வரை விருப்பம் கொடுத்துப் பாருங்கள். அப்படி வெளியூரில் இடம் கிடைத்தால் வீட்டை விட்டுப் போகமுடியுமா என்பதையும் விண்ணப்பம் போடும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

காகிதங்களை இப்போதே எடுத்துப் பார்ப்பது உத்தமம். டி.சி. தொலைந்திருக்கும். பத்தாவது சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால் என்று இருக்கும். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறியிருக்கும். டி.சி. நகல் வாங்கப் போனால் போலீஸில் புகார் கொடுத்துக் "கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற சான்று வாங்கிவரச் சொல்வார்கள். பெயர் மாற்றம் அரசிதழில் வரவும் நாளாகும். விண்ணப்பம் திறந்தபிறகு இந்த வேலையைத் தொடங்கினால் அந்த வருடம் போச்சு.

இனி பகல் கணக்கு. விதிப்படி ஒரு செமஸ்டர் 15 வாரத்துக்குக் குறையக் கூடாது, வாரத்துக்குக் குறைந்தது 24 விரிவுரை நேரம். ஆக 360 வகுப்பு. மூன்றாண்டுப் படிப்பில் மொத்தம் 30 தாள், செமஸ்டருக்கு 5 என்று வைத்தால் ஒரு தாளுக்கு 72 வகுப்பு. ஒவ்வொரு தாளிலும் 70 சதவீத வருகை வேண்டும்: 51 வகுப்பு. அதாவது 21 வகுப்பு வரை விடலாம். வாரத்துக்கு ஒருநாள் வராவிட்டால் 15 போயிற்று. மிச்சம் 6 நாளில் காய்ச்சல், பிள்ளையின் பள்ளிக்கூட விழா, ஊர்த் துக்கம் எல்லாம் அடங்கவேண்டும். "வாரத்தில் மூன்று நாள் வந்து சமாளித்துவிடுவேன்" என்பவருக்கு 30 போகும். ஒரு தாளில் 65 சதவீதம் இருந்து, எல்லாத் தாளும் சேர்த்து 70 வந்தால் கல்லூரி முதல்வர் சலுகை காட்டலாம் என்று ஒரு இடம் இருக்கிறது. அதுவும் 25 வகுப்பு வரைதான் தாங்கும். முழுநேர வேலையோடு இந்தக் கணக்கு எப்படிப் போட்டாலும் இடிக்கும். ஷிப்டு வேலை, நீண்ட விடுப்பு, ஓய்வு, சொந்தத் தொழில் என்று ஏதாவது ஒரு வழியில் பகல் கைக்கு வந்திருக்கவேண்டும்.

இந்த இடத்தில்தான் "நீங்க வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தாப் போதும்" என்ற குரல் கேட்கும். பெயருக்கு மட்டும் நடக்கும் வெளிமாநில லெட்டர்பேட் கல்லூரிகளின் வியாபாரமே இதுதான். 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் விட்ட சுற்றறிக்கை பயோமெட்ரிக் வருகையையும் வகுப்பறை கேமராவையும் கட்டாயமாக்கியது. மாணவர் வேலையில் இருந்தால் அதைச் சொல்லவேண்டும், நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும் என்றது. மூன்று வருடமும் ஓசூரில் சம்பளம் வாங்கியவர் அதே மூன்று வருடம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வகுப்பில் உட்கார்ந்திருந்ததாகச் சான்றிதழ் காட்டினால், பதிவின்போது யாராவது ஒருவர் தேதிகளை ஒப்பிடத்தான் செய்வார். பணமும் போய், பொய்ச் சான்று கொடுத்த பெயரும் வரும். அரசு ஊழியர்கள் துறை அனுமதி இல்லாமல் அடியே எடுத்துவைக்க வேண்டாம்.

படிப்பு கஷ்டமா? வாசிப்பதில் வயதானவர்கள் இளையவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. சிக்கல் வேறு இரண்டு இடத்தில். ஒன்று, கை. இருபது வருடமாகக் கீபோர்டு தட்டிய விரல், மூன்று மணி நேரம் பேனா பிடித்தால் இரண்டாவது மணியில் மரத்துப்போகும். பதில் தெரிந்தும் கடைசிக் கேள்வி எழுத முடியாமல் அரியர் வைப்பது சர்வசாதாரணம். தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பிருந்து தினமும் நாற்பது நிமிடம் கையால் எழுதிப் பழகவேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

இன்னொன்று, அனுபவம் கற்றுக்கொடுத்த நியாயம். உதாரணத்துக்கு, முதல் செமஸ்டரிலேயே வரும் மோஹோரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கு (1903). மைனர் ஒருவர் சொத்தை 20,000 ரூபாய்க்கு அடமானம் வைத்துக் கடன் வாங்குகிறார். அவர் மைனர் என்பது கடன் கொடுத்தவர் தரப்புக்குத் தெரியும். பிறகு அந்த அடமானமே செல்லாது என்று மைனர் தரப்பு வழக்குப் போடுகிறது. வாழ்க்கையில் அடிபட்டவர் என்ன எழுதுவார்? "வாங்கின காசைத் திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும்?" அன்றைக்கு இந்திய வழக்குகளின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அப்படிச் சொல்லவில்லை. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவுப்படி மைனருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதியே இல்லை. அது தொடக்கம் முதலே செல்லாதது. ரத்தாகும் ஒப்பந்தத்தில் பெற்றதைத் திருப்பித் தரச் சொல்லும் பிரிவுகளும் இங்கே பொருந்தாது. விடைத்தாளில் மதிப்பெண் கிடைப்பது இந்த வரிசைக்கு: நடந்தது என்ன, எழும் கேள்வி என்ன, எந்தப் பிரிவு, எந்தத் தீர்ப்பு, முடிவு. உங்கள் கருத்துக்கு அங்கே இடம் இல்லை. இருபது வயதுப் பையன் இதை ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வான். அவனுக்கு மறக்கவேண்டிய எதுவும் இல்லை.

பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் குற்றவியல் நூல்களை வாங்கிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி.க்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. 511 பிரிவு இருந்த இடத்தில் 358. கொலைக்குத் தண்டனை 302-லிருந்து 103-க்குப் போய்விட்டது. குற்றவியல் நடைமுறையும் சாட்சியச் சட்டமும் அதே நாளில் மாறின. ஆனாலும் பழைய எண்ணைச் சுத்தமாக மறந்துவிட முடியாது: அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம்தான், கோர்ட்டில் அந்த வழக்குக் கட்டுகள் இன்னும் பல வருடம் ஓடும்.

மூன்று வருடத்தில் குறைந்தது 12 வாரம் இன்டர்ன்ஷிப்பும் உண்டு, ஒரே மூச்சில் 4 வாரத்துக்கு மேல் கூடாது. விடுமுறை நாட்களைக் குடும்பத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கவும்.

பட்டம் வந்ததும் செலவு குறைவுதான். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125, சட்டத்தில் உள்ள இந்தத் தொகைக்கு மேல் மாநில பார் கவுன்சில்கள் வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழில் செய்யத் தேறவேண்டிய அகில இந்திய பார் தேர்வு 100 கொள்குறி வினா, நெகட்டிவ் மார்க் இல்லை, தமிழிலும் எழுதலாம், குறிப்பு எழுதப்படாத பேர் ஆக்டை (சட்டப் பிரிவுகள் மட்டும் அச்சான புத்தகத்தை) கூடவே வைத்துக்கொள்ளலாம். பயப்படத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது அதற்கடுத்த இரண்டு, மூன்று வருடத்துக்கு. பதிவு செய்த வழக்கறிஞர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 49-ஆவது விதி. ஓய்வூதியம் சம்பளம் ஆகாது, அது பிரச்சினையில்லை. பகுதி நேரமாகச் சட்டம் கற்பிக்கலாம், எழுதலாம். வேறு வருமானம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 கொடுக்கவேண்டும் என்று தமிழ்நாடு பார் கவுன்சில் 2024 ஜூனில் சுற்றறிக்கை அனுப்பியது. நடைமுறையில் அதை நம்பி வீட்டு லோன் கட்ட முடியாது. படிப்பு 36 மாதம், ஜூனியர் காலம் குறைந்தது 24 மாதம்: 60 மாத வீட்டுச் செலவு சம்பளம் இல்லாமல் ஓடுமா என்று பாருங்கள். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு ராஜினாமாவோடு போய்விடும். நாற்பதுக்கு மேல் புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் காத்திருப்புக் காலம் வைப்பார்கள். ஆகவே அதை வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடவும்.

சீனியர் உங்களைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். அவருக்கு உங்களை வேலை ஏவ வாய் வராது. கட்டு தூக்கி வரச் சொல்லமாட்டார், வாய்தா வாங்க அனுப்பமாட்டார், ரிட்டர்ன் ஆன பிராதைச் சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்யும் வேலையைப் பக்கத்து மேஜைப் பையனிடம் கொடுப்பார். மரியாதை மாதிரித் தெரியும். உண்மையில் தொழில் கைநழுவுவது அப்படித்தான். கோர்ட்டு ஃபீஸ் குறைந்தது, வக்காலத்தில் கையெழுத்து விட்டது, சொத்து விவரத்தில் நான்குமால் (நாலு பக்க எல்லை) தப்பு என்று ரிட்டர்ன் ஆகிவரும் ஒவ்வொரு தாளும் ஒரு பாடம். சேரும் அன்றே "சார், எல்லா வேலையும் எனக்கே கொடுங்க" என்று சொல்லிவிடுவது நல்லது. குமாஸ்தாவோடு நட்பு அதைவிட முக்கியம்.

பழைய வேலை இந்தக் கட்டத்தில்தான் கைகொடுக்கும். நிலஅளவையில் இருந்தவருக்கு எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடத்தையும் ஏ-ரிஜிஸ்டர் என்ற நிலப் பதிவேட்டையும் யாரும் விளக்கவேண்டாம்; எல்லைத் தகராறு வழக்கில் இடத்தைப் பார்க்க கோர்ட்டு அனுப்பிய கமிஷனரின் அறிக்கையைப் பார்த்ததும் தப்பு எங்கே என்று கை வைப்பார். வங்கியில் இருந்தவருக்கு, கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை எடுக்க வங்கி விடும் சர்ஃபாசி நோட்டீஸ், தொழிற்சாலை மனிதவளப் பிரிவில் இருந்தவருக்குத் தொழிலாளர் நீதிமன்றம், கட்டுமானப் பொறியாளருக்கு ஒப்பந்த மத்தியஸ்தம். "எல்லா கேஸும் பார்ப்பேன்" என்று போர்டு மாட்டுவதைவிட, தெரிந்த துறையில் உட்கார்ந்தால் இருபது வருடம் பின்தங்கியது பாதியாகக் குறையும். ஒரு எச்சரிக்கை: தீர்ப்பாயத்திலோ, சாட்சி விசாரித்து முடிவெடுக்கும் அதிகாரியாகவோ இருந்து ஓய்வு பெற்றவர், கடைசி மூன்று வருடம் அதிகாரம் செலுத்திய பகுதியில் இரண்டு வருடம் தொழில் செய்யக் கூடாது.

விண்ணப்பம் வாங்கும் முன் ஒரு வாரம் லீவு போட்டு உங்கள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்ப் பாருங்கள். கோர்ட்டு ஹால் பொதுவாகத் திறந்திருக்கும், யாரும் பின்வரிசையில் உட்காரலாம். போனை அணைத்துவிட்டால் போதும். முதல் நாள் காலை முழுக்க வழக்கு எண் கூப்பிடுவதும் வாய்தா போடுவதும்தான் நடக்கும், சலிப்பாக இருக்கும். மூன்றாம் நாள் ஏதாவது ஒரு ஹாலில் குறுக்கு விசாரணை கண்ணில் படும். ஐந்தாம் நாள் மாலை வீட்டுக்கு வந்து, மறுநாளும் போகத் தோன்றுகிறதா என்று பார்த்துவிட்டு, டி.சி.யைத் தேட ஆரம்பியுங்கள்.