பெட்டி திங்கட்கிழமைதான் கிடைக்கும்

கூடத்துத் தரையில் பழைய போர்வையை விரித்து, பதினேழு நாள் சாப்பாட்டை அதன்மேல் பரப்பி வைத்திருந்தோம். அவல், ரவை உப்புமாக் கலவை, பருப்புப் பொடி, இட்லிப் பொடி, வேர்க்கடலை, உலர் திராட்சை, கடலை மிட்டாய், சின்னச் சின்ன பாட்டில்களில் நல்லெண்ணெய். சமையலறைத் தராசில் தம்பி ஒவ்வொன்றாக நிறுத்துச் சொல்லச் சொல்ல, நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 750 கிராம். பதினேழு நாளுக்குக் கிட்டத்தட்ட 13 கிலோ. கூடாரம், தூக்கப்பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து அத்தனையையும் சுமந்துகொண்டு மலை ஏற முடியாது. எங்கே நிற்பது, எதை வாங்குவது, எதைத் தபாலில் வரவழைப்பது என்ற கணக்கு அங்கேதான் தொடங்கியது.

நாங்கள் நடக்கப் போனது அமெரிக்காவின் அப்பலாச்சியன் டிரெயில். ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மேய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலை வரை, 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். ஒரே மூச்சில் நடப்பவர்களுக்கு ஐந்தாறு மாதம் ஆகும். வேலைக்குப் போகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு துண்டு என்று நடக்கிறார்கள்; செக்‌ஷன் ஹைக்கர் என்று பெயர். எங்களுடைய முதல் துண்டு, ஸ்பிரிங்கரிலிருந்து வட கரோலினாவின் ஃபான்டானா அணை வரை, சுமார் 265 கிலோமீட்டர். லீவு பதினேழு நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட எங்கள் இருவருக்கும் இல்லை.

வழியில் தார்ச்சாலை குறுக்கிடும் இடங்களை முதலில் குறித்தோம். 50 கிலோமீட்டரில் நீல் கேப் (கேப் என்றால் மலைக்கணவாய்). அங்கே பாதை ஒரு கல் கட்டடத்துக்குள்ளேயே நுழைந்து வெளியே போகிறது, கடையும் அதிலேயே இருக்கிறது. அங்கிருந்து 61 கிலோமீட்டரில் டிக்ஸ் கிரீக் கேப். அதிலிருந்து வண்டி பிடித்தால் ஹயவாசி ஊர், பெரிய சூப்பர் மார்க்கெட். மேலும் 65 கிலோமீட்டரில் வைண்டிங் ஸ்டேர் கேப், அங்கிருந்து ஃப்ராங்க்ளின். அதற்குப் பிறகு 44 கிலோமீட்டர் நடந்தால் நான்டஹேலா ஆற்றங்கரை, கடைசியாக ஃபான்டானா. ஆக, ஒரு தடவையில் ஐந்தரை நாள் சாப்பாட்டுக்கு மேல் முதுகில் ஏறாது. தாளில் பார்க்க மிக அழகாக இருந்தது.

நாங்கள் இருவரும் சைவம். மலையடிவார ஊர்களில் பட்டினி கிடக்க நேராது. ஆனால் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் வாங்க முடியாது. நூடுல்ஸ் மசாலாவில் மாட்டிறைச்சிப் பொடியோ கோழிப் பொடியோ இருக்கும். டப்பாவில் வரும் அரைத்த பீன்ஸில் சில சமயம் பன்றிக் கொழுப்பு இருக்கும். அதனால் நூடுல்ஸை மட்டும் வாங்கி, அதன் மசாலாவை எடுத்துவிட்டு, இட்லிப் பொடியும் இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிளறிக்கொள்வது என்று முடிவு செய்தோம். உருளைக்கிழங்குத் தூளில் வெந்நீர் ஊற்றி, மேலே பருப்புப் பொடி. எண்ணெய் விஷயத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 100 கிராம் அவலில் சுமார் 350 கலோரி, வேர்க்கடலையில் 570, எண்ணெயில் 880க்கு மேல். மலையில் நாளொன்றுக்கு 3,000 கலோரியாவது வேண்டும். சுமையைக் கூட்டாமல் அதை எட்ட எண்ணெயும் கடலையும்தான் வழி.

பொடிகள் அங்கே கிடைக்காது என்பதால் ஒரே ஒரு பெட்டியைத் தபாலில் அனுப்பத் தீர்மானித்தோம், ஃப்ராங்க்ளின் அஞ்சலகத்துக்கு. முகவரியில் நம் பெயர், அடுத்த வரியில் ‘ஜெனரல் டெலிவரி’ (நாம் வந்து வாங்கும்வரை அஞ்சலகத்திலேயே வைத்திருக்கும் முறை), பிறகு ஊர், அஞ்சல் எண். ஓரத்தில் இன்ன தேதியில் வருவோம் என்ற குறிப்பு. அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். அடுப்புக்கான கேஸ் குப்பியை விமானத் தபாலில் அனுப்பக் கூடாது. அதைக் கடையில்தான் வாங்க வேண்டும். கடைசி ஐந்தரை நாளுக்கான உணவைப் பெட்டியில் அடுக்கினேன். அடுக்கும்போது என் இரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டாகப் பிரித்தேன். பன்னிரண்டு நாளுக்கு உரியவை பையில். மீதி பெட்டியில். நான் செய்த பெரிய தவறு அதுதான். அன்றைக்கு அது திறமையான திட்டமாகத் தெரிந்தது.

ஏப்ரல் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை புறப்பட்டோம். முதல் மூன்று நாள் எங்களுக்குப் பசியே இல்லை. உடம்பு களைத்துப்போய், மாலையில் நான்கு வாய் உப்புமா இறங்குவதே பாடாக இருந்தது. பிளட் மலைக்கு முன்னும் பின்னுமாகச் சில கிலோமீட்டர் தூரம், கரடி திறக்க முடியாத கெட்டி டப்பா இல்லாமல் வசந்த காலத்தில் இரவு தங்கக் கூடாது. அதனால் அந்தப் பகுதிக்கு முன்பே கூடாரம் போட்டு, நான்காம் நாள் காலையில் மலையைத் தாண்டி நண்பகலில் நீல் கேப்பில் இறங்கினோம். பையைக் கவிழ்த்துப் பார்த்தால், இருவருடையதும் சேர்த்து இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். அத்தனையையும் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ள வைத்திருக்கும் பொதுப் பெட்டியில் போட்டோம். வீட்டில் தராசு வைத்து அளந்த அவல் பொட்டலத்தை, அளவு எழுதிய ஸ்டிக்கரோடு அங்கே விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

எட்டாம் நாளுக்குப் பிறகு எல்லாம் தலைகீழாக மாறியது. ஹயவாசியில் வாங்கிய நான்கு நாள் சாப்பாட்டை மூன்று நாளில் தின்றுவிடுவோமோ என்று தோன்றியது. நள்ளிரவில் பசியில் விழிப்பு வந்தது. எல்லா நாளுக்கும் ஒரே அளவு போட்டது தவறு என்று அப்போதுதான் புரிந்தது. முதல் நான்கு நாளுக்கு 550 கிராம் போதும். இரண்டாம் வாரத்தில் 900 வேண்டும்.

பத்தாம் நாள் விடிந்ததும் மழை. ஸ்டேண்டிங் இண்டியன் மலையைத் தாண்டி, மரத்தாலான தங்குமிடம் ஒன்றில் இருந்தோம். இடி நிற்கவில்லை, மலைமுகட்டில் நடப்பது ஆபத்து. ஒரு பகல் முழுக்க அங்கேயே கழிந்தது. தம்பி ஒரு பிடி கடலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மென்றான். அப்போதும் எனக்கு ஒரு நாள்தானே என்ற நினைப்புதான். வெள்ளிக்கிழமை ஃப்ராங்க்ளினை அடைய வேண்டியவர்கள் நாங்கள். நடக்கும்போது கிழமை மறந்துபோகும். ஆல்பர்ட் மலையின் செங்குத்தான ஏற்றத்தை முடித்து, சாலைக்கு இறங்கி, ஊருக்குப் போகும் வண்டியில் உட்கார்ந்தபோது மாலை ஐந்து மணி.

“அக்கா, இன்றைக்குச் சனிக்கிழமை” என்றான் தம்பி. வண்டி ஓட்டியவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, “பெட்டி திங்கட்கிழமைதான் கிடைக்கும்” என்றார். எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லியிருப்பார் போலும், மிகவும் பரிவாகச் சொன்னார்.

உணவு மட்டும் என்றால் கடையில் வாங்கிக்கொண்டு ஞாயிறு காலையே கிளம்பியிருப்போம். ஃப்ராங்க்ளினில் கடைகளுக்குக் குறைவில்லை. என் கடைசி மாத்திரை அன்று காலையோடு தீர்ந்துவிட்டது. அது இல்லாமல் மேலும் ஐந்து நாள் காட்டுக்குள் போக எனக்குத் துணிவில்லை, தம்பியும் விடவில்லை. ஞாயிறு முழுவதும் விடுதி அறையில் ஈரக் கூடாரத்தை உலர்த்திக்கொண்டிருந்தோம். வானம் தெளிவாக இருந்தது. நடப்பதற்கு அதைவிட நல்ல நாள் அந்தப் பயணத்தில் வாய்க்கவே இல்லை. திங்கள் காலை அஞ்சலகம் திறந்ததும் ஐந்து நிமிடத்தில் பெட்டி கைக்கு வந்தது. வாசலிலேயே பிரித்து முதலில் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். பெட்டிக்குள்ளிருந்து வந்த வறுத்த பெருங்காய வாசனையில் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை, நான்டஹேலா ஆற்றங்கரையில் லீவு முடிந்தது. நடந்தது 220 கிலோமீட்டர். ஃபான்டானாவுக்கு இன்னும் 46 பாக்கி. ஆற்றில் படகுகள் வளைந்து வளைந்து போவதைப் பார்த்தபடி நின்றேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் பாதை மலை ஏறிப் போவது தெரிந்தது. எனக்குத் தாங்க முடியவில்லை.

அடுத்த துண்டு அங்கிருந்து ஹாட் ஸ்பிரிங்ஸ் வரை. நடுவில் கிரேட் ஸ்மோக்கி மலைகள், 115 கிலோமீட்டர். அதற்குள் ஊருக்கு இறங்க நியூஃபவுண்ட் கேப் சாலை ஒன்றுதான் உருப்படியான வழி. இந்த முறை நோட்டில் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் கிழமையையும் எழுதியிருக்கிறேன். பெட்டி இருக்கும் ஊரை எந்தக் கணக்கில் பார்த்தாலும் செவ்வாய், புதனில் அடைகிற மாதிரி புறப்படும் நாளை மாற்றினோம். இரண்டு நாள் தாமதமானாலும் அஞ்சலகம் திறந்திருக்கும். ‘பிரையாரிட்டி மெயில்’ என்ற விரைவுத் தபாலில் வந்த பெட்டியைப் பிரிக்காமல் இருந்தால், அதை அடுத்த ஊர் அஞ்சலகத்துக்குக் கட்டணமில்லாமல் அனுப்பிவைக்கச் சொல்லலாம் என்பதையும் இப்போது தெரிந்துகொண்டோம். பெட்டியில் பொடிகளும் எண்ணெயும் மட்டும். தொலைந்துபோனாலும் நடையை நிறுத்தாத பொருள்கள். மழைக்கென்று ஒரு முழு நாள் லீவு தனியாக. இருபது மாத்திரைகளும் என் இடுப்புப் பையில், ஈரம் படாத சின்ன டப்பாவில்.

தம்பி இன்று மாலை தராசோடு வருகிறான். போர்வையை எடுத்து வைத்துவிட்டேன்.