நாடகக் குழுவுக்கு வரிவிலக்கு வாங்கிய கதை

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாந்தின் கிழக்குப் பகுதியில், ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் ஒத்திகை பார்க்கும் சிறிய ஆப்பிரிக்க-அமெரிக்க நாடகக் குழு ஒன்று இருக்கிறது. டிக்கெட் மேசையில் உதவலாம் என்று போனவன் நான். கொஞ்ச நாளில் கணக்குப்பிள்ளை ஆகிவிட்டேன்.

நாடகம் இந்த ஊருக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பின நாடக அமைப்பான கரமு ஹவுஸ் 1915இல் தொடங்கியது இங்கேதான். கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் பள்ளிப் பருவத்தில் போய்வந்த இடம் அது. நாங்கள் இடைவேளையில் உண்டியல் குலுக்குகிற ரகம். ஆனால் பெயர்பெற்ற நாடகம் ஒன்றைப் போட வேண்டுமானால் உரிமைத் தொகை கட்ட வேண்டும். அதற்கு உண்டியல் போதாது. எங்கள் ஊர் இருக்கும் குயாஹோகா கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) கலைக்கென்று சிகரெட் வரி உண்டு. 2006இல் மக்கள் வாக்களித்து பாக்கெட்டுக்கு 30 சென்ட் என்று கொண்டுவந்தார்கள், 2024இல் அதை 70 சென்ட்டாக உயர்த்தினார்கள். புகைப்பவர்கள் புண்ணியத்தில் நாடகம்! அந்தப் பணத்துக்கு விண்ணப்பிக்க 501(சி)(3) அந்தஸ்து, அதாவது அறப்பணி அமைப்புக்கான மத்திய அரசின் வரிவிலக்கு, வேண்டும்.

மாநிலத்தில் லாப நோக்கமற்ற நிறுவனமாகப் பதிவதும், மத்திய வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடம் அடையாள எண் வாங்குவதும் சுலபம். பதிவுப் பத்திரத்திலேயே ஒரு வரி இருக்க வேண்டும்: குழு கலைந்தால் மிச்சச் சொத்து இன்னொரு அறப்பணிக்கோ அரசுக்கோ போகும், உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது.

அப்புறம் வரிவிலக்குக்கான படிவம். ஆண்டு வரவு 50,000 டாலரைத் தாண்டாது என்றால் குறும்படிவம், கட்டணம் 275 டாலர். நீளமான 1023 படிவத்துக்கு 600. மூன்றாம் ஆண்டில் தாண்டிவிடுவோம் என்ற நம்பிக்கையில் நீளமானதையே எடுத்தோம்.

அதில் குழு என்ன செய்கிறது என்று விவரித்து எழுத வேண்டும். சண்டை வந்தது இங்கேதான். எங்கள் இயக்குநர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. 1926இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த கிரிக்வா நாடகக் குழுவுக்காக கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸ் சொன்ன நான்கு விதிகளும் அப்படியே வர வேண்டும் என்றார்: நம்மைப் பற்றி, நம்மால், நமக்காக, நம் அருகில். "நமக்காக என்று எழுதினால் மற்றவர்களுக்குக் கதவைச் சாத்துகிறோம் என்று அதிகாரி நினைக்க மாட்டாரா?" என்று கேட்டார் நிர்வாகக் குழுவிலிருந்த ஒருவர். "மற்ற அரங்குகள் எல்லாம் யாருக்காகவாம்?" என்றார் இயக்குநர். யாரும் பேசவில்லை. நான்கு விதிகளையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே எங்கே நடிக்கிறோம், டிக்கெட் என்ன விலை, பள்ளிப் பிள்ளைகளுக்கு எத்தனை இலவச இருக்கை, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று விவரமாக எழுதினோம். விண்ணப்பத்திலேயே உயிருள்ள பக்கம் அதுதான் என்பேன்.

மற்றதெல்லாம் தர்மசங்கடங்கள். தேவாலயத்துக்கு நாங்கள் சிறு வாடகை தருகிறோம். அதன் போதகர் எங்கள் நிர்வாகக் குழுவில் இருக்கிறார். அதைச் சொல்லியாக வேண்டும். வாடகை பற்றிய வாக்கெடுப்பில் அவர் கலந்துகொள்வதில்லை என்று தீர்மானம் போட்டுச் சேர்த்தோம். நண்பர்களுக்குள் இதையெல்லாம் எழுதி வைப்பதா என்று அவர் முதலில் முகம் சுளித்தார், பிறகு அவரே அதை முன்மொழிந்தார்.

சில மாதங்கள் கழித்து ஐஆர்எஸ்ஸிடமிருந்து கேள்விக் கடிதம் வந்தது. இயக்குநர் எழுதிய நாடகங்களையும் போடுகிறீர்களே, பதிப்புரிமை யாருடையது, அவருக்கு ராயல்டி உண்டா? நியாயமான கேள்வி. அறப்பணி அமைப்பின் பணம் அதை நடத்துபவரின் பைக்குப் போகக் கூடாதல்லவா. உரிமை அவருடையது, மேடையேற்றத் தொகை எவ்வளவு என்பதை அவரோடு உறவோ வியாபாரமோ இல்லாத உறுப்பினர்களே முடிவுசெய்வார்கள் என்று பதில் எழுதி, அந்தக் கொள்கையின் நகலையும் இணைத்தோம். கெடு தேதிக்குள் அனுப்புவது முக்கியம்.

அனுமதிக் கடிதம் ஒருவழியாக வந்தது. நாடகப் பருவத்துக்கு ஏற்றபடி எங்கள் கணக்காண்டு ஜூன் 30இல் முடிகிறது. அதனால் ஐஆர்எஸ்ஸுக்குத் தரும் ஆண்டறிக்கைக்கு நவம்பர் 15 கடைசி நாள். வரவு குறைவாக இருக்கும்வரை இணையத்தில் சில வரிகள் நிரப்பினால் சரி. தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்து. அந்தத் தேதியை ஒத்திகை அட்டவணையிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.