கூர்ஸ்கின் கறுப்பு மண்

கோவில்பட்டிக் கரிசலில் பிறந்து வளர்ந்த நான், 2014 செப்டம்பரில் மருத்துவம் படிக்க ரஷ்யாவின் கூர்ஸ்க் மாகாணத்துக்குப் போனபோது முதலில் கண்ணில் பட்டது மண்தான். மாஸ்கோவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் ரயில் பயணத்தின் கடைசிப் பகுதியில், அறுவடை முடிந்து உழுதுபோட்ட வயல்கள் கன்னங்கரேலென்று கிடந்தன. எங்கள் ஊர்க் கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. கூர்ஸ்க் மண்ணோ, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புல்லின் வேர்கள் மட்கி உருவானது என்பதால், அள்ளினால் பொலபொலவென்று உதிர்ந்தது. நகருக்கு வெளியே, 1935 முதல் காப்பகமாக இருக்கும் ஸ்த்ரெலெத்ஸ்காயா புல்வெளியில் ஒரு குழியைக் காட்டினார்கள். அதன் பக்கவாட்டில் என் இடுப்பளவுக்குக் கறுப்பு இறங்கியிருந்தது. நாட்டுக்குக் கோதுமையும் பீட்ரூட் சர்க்கரையும் கொடுக்கும் வட்டாரங்களில் இது முன்வரிசையில் நிற்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மண்ணுக்கு அடியில் இரும்பு. 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கே திசைகாட்டியின் முள் வடக்கை விட்டு விலகியதைக் கண்டு ஆய்வாளர்கள் குழம்பினார்கள். 1923இல் ஷீக்ரி அருகே துளையிட்டபோது தாது கையில் கிடைத்தது. 1957இல் சுரங்கத்துக்காகவே எழுந்த ஜெலெஸ்னோகோர்ஸ்க் நகரத்தின் பெயரிலேயே இரும்பு இருக்கிறது.

மேற்கே குர்ச்சாத்தவ் நகரில் அணுமின் நிலையம். நான் அங்கிருந்த காலத்தில் அதன் நான்கு உலைகளும் ஓடிக்கொண்டிருந்தன, அவை செர்னோபில் வகையைச் சேர்ந்தவை என்று தெரிந்ததும், "கூடங்குளத்துக்குப் பயந்தது போதாதா?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டார். 2018இல் பக்கத்திலேயே கட்டத் தொடங்கிய புதிய உலைகள் கூடங்குளத்து உலைகளின் வழிவந்தவை என்று சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

1943 கோடையில் ஜெர்மன் டாங்கிப் படை தடுத்து நிறுத்தப்பட்ட போரால்தான் உலகம் கூர்ஸ்கை அறிகிறது. என் நினைவில் நிற்பது அந்தோனவ்கா ஆப்பிள். நகரில் அதற்குச் சிலையே உண்டு. விடுதி வாசலில் காவலிருந்த பாட்டி, தன் தோட்டத்துப் பழங்களை ஒரு வாளி நிறையக் கொடுத்தார். மாங்காய்போல் புளித்ததால் நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்து, நல்லெண்ணெய் கிடைக்காமல் சூரியகாந்தி எண்ணெயில் ஊறுகாய் போட்டேன். பாட்டி ஒரு துண்டை ரொட்டியோடு தின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் இன்னொரு வாளியோடு வந்தார்.