படிவத்தில் இல்லாத கேள்வி

பல் மருத்துவமனைப் படிவங்களில் புகையிலைக்கும் மதுவுக்கும் கட்டம் இருக்கும். கஞ்சாவுக்குப் பெரும்பாலும் இருக்காது. "சிகரெட் உண்டா?" என்றால் "இல்லை" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆகவே பெயர் சொல்லியே கேட்க வேண்டும்: கஞ்சா உண்டா, புகையா தின்பண்டமா, வாரத்துக்கு எத்தனை நாள், கடைசியாக எப்போது? கூட வந்தவர்கள் வெளியே இருக்கும்போது, "மரப்பு ஊசி போட இது தெரிய வேண்டும்" என்று காரணத்தையும் சொல்லிக் கேட்டால் பதில் வரும். முகம் சுளித்தால் வராது.

கடைசியாக எப்போது என்பதுதான் அன்றைய வேலையைத் தீர்மானிக்கிறது. புகைத்த சில நிமிடங்களிலேயே இதயத்துடிப்பு ஏறும். இறங்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தில் அட்ரினலின் கலந்த லிடோகெயின் மரப்பு ஊசி போட்டால் படபடப்பு இன்னும் கூடும். 1:80,000 செறிவில் 2.2 மி.லி. குப்பி ஒன்றில் 27.5 மைக்ரோகிராம் அட்ரினலின் இருக்கிறது. திசுவுக்குள் அது சிறிய அளவு. ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் சிறிதல்ல. அவசரமில்லாத வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது. வலியோடு வந்தவரை அனுப்பிவிட முடியாது என்றால், முதலில் நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு, அட்ரினலின் இல்லாத 3% மெபிவகெயின் என்ற மரப்பு மருந்தைப் பரிசீலிக்கலாம். எந்த மருந்தானாலும் ஊசிக்குழாயின் தண்டைச் சற்றுப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்து, நிமிடத்துக்கு 1 மி.லி.க்கு மேல் போகாமல் செலுத்த வேண்டும். போதை தெளியாதவர் போடும் கையெழுத்தை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாள்பட்ட சேதத்தின் வேர், வாய் வறட்சி. கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி., தாடைக்கு அடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் அதை ஏற்கும் சிபி1 என்ற ஏற்பிகளில் ஒட்டிக்கொள்ள, சுரக்கச் சொல்லும் நரம்புச் செய்தி மங்கிவிடுகிறது. இதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். எதையும் மெல்லாமல் ஐந்து நிமிடம் அளவுக்குழாயில் எச்சிலை வடியவிட வேண்டும். மொத்தம் அரை மி.லி.கூடத் தேறாவிட்டால் சுரப்பு மிகக் குறைவு. அமிலத்தைக் கழுவ எச்சில் இல்லாத அதே வேளையில்தான் இனிப்புக்கு நாக்கு ஏங்குகிறது. பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்குவது pH 5.5 அளவில் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்), வேரின் டென்டின் திசுவோ 6.2 வாக்கிலேயே கரையத் தொடங்கிவிடும். ஈறோரத்துப் பல்கழுத்தில் சொத்தை விழுவது இதனால்தான்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, வறட்சியைக் கவனிக்காமல் உடனே அடைத்துவிடுவது. அடைப்பின் ஓரத்திலேயே மறுபடி சொத்தை பிடிக்கும். முதலில் 5,000 பி.பி.எம். ஃபுளோரைடு பற்பசை, துலக்கியபின் துப்பலாம், கொப்பளிக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 5% சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் பூச்சு, சர்க்கரை இல்லாத சைலிட்டால் சூயிங்கம், அடிக்கடி தண்ணீர். ஆல்கஹால் கலந்த வாய்க்கழுவி வறட்சியைக் கூட்டும், அது வேண்டாம்.

ஈறு விஷயத்தில், "நான் புகையிலை கலப்பதில்லை" என்பது தப்பிக்கும் வழி அல்ல. நியூசிலாந்தின் டனிடின் நகரில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008இல் வெளியானது. புகையிலையின் பங்கைக் கழித்த பிறகும், கஞ்சா புகைத்தவர்களுக்கு 32 வயதிலேயே பல்லைப் பிடித்திருக்கும் திசு அதிகம் இழந்திருந்தது. அதனால் இளம் வயதுதானே என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஈறு இடுக்கின் ஆழத்தை அளந்து குறிக்க வேண்டும்.

பல் பிடுங்கியபின் குறைந்தது 72 மணி நேரம் புகை கூடாது. உறிஞ்சும் இழுப்பில் குழியிலுள்ள ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும், எலும்பு திறந்துகொள்ளும். முதல் இரண்டு நாள் வலி தணிந்து, மூன்றாம் நாள் காது வரை குத்தலெடுத்தால் பெரும்பாலும் அதுதான். மாத்திரையைக் கூட்டிப் பயனில்லை. உப்புநீரால் குழியைக் கழுவி மருந்துத் துணி வைக்க உடனே வரச் சொல்ல வேண்டும்.