ஹெசரகட்டாவில் மூன்று மட்டக்குதிரைகள்

பையில் ஒரு கிலோ கேரட்டும் அரைக் கிலோ வெல்லமும் இருந்தன. அல்சூர் சந்தையில் மகள் தானே பொறுக்கி வாங்கியவை. மாமா வீட்டுப் படியேறியதும் அவர் பையைத் திறந்து பார்த்தார். வெல்லம் சமையலறைக்குப் போனது. கேரட்டைத் தன் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, "சாயங்காலம் பார்க்கலாம் கண்ணு" என்று மட்டும் மகளிடம் சொன்னார்.

மாமா என் அம்மாவின் அண்ணன். பந்தயக் குதிரை லாயங்களில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். அவருடைய அப்பாவும் குதிரைக்காரர்தான். 1809இல் பெங்களூரில் கண்டோன்மென்ட் உருவான பிறகு மதராஸ் படையைத் தொடர்ந்து வந்து அல்சூர்ப் பக்கம் தங்கிவிட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் நாங்கள் என்று பாட்டி சொல்வாள். ஓய்வு பெற்ற பிறகு மாமா ஒரு தோட்டத்தில் மூன்று மினியேச்சர் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறார். தோட்டத்தின் சொந்தக்காரர் நகரத்துக்குள் இருக்கிறார். குதிரைகளுக்குப் பெயர் வைத்தது மாமாதான்: கடுகு, மிளகு, சீரகம்.

அல்சூரிலிருந்து மெட்ரோவில் மெஜஸ்டிக் வந்து, பச்சை வழித்தடத்தில் மாறி, தாசரஹள்ளியில் இறங்கி பஸ் பிடித்தோம். ஹெசரகட்டா ஏரி, அர்க்காவதி ஆற்றை மறித்து 1894இல் பெங்களூருக்குக் குடிநீர் கொண்டுபோகக் கட்டியது. ஏரியைச் சுற்றியுள்ள புல்வெளி ஜனவரியில் பொன்னிறமாகக் காய்ந்து கிடக்கிறது. நகரத்தின் இத்தனை அருகில் இவ்வளவு வானம் தெரியும் இடம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கடுகுதான் முதலில் வேலியருகே வந்தது. அதன் முதுகு என் எட்டு வயது மகளின் இடுப்புக்குச் சற்று மேலே நின்றது. அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் விதிப்படி உயரம் 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பெரிய குதிரையைத் தோள்முகட்டில் அளப்பார்கள். இதைப் பிடரி மயிரின் கடைசி முடி முளைத்த இடத்தில் அளக்கிறார்கள். இந்த இனத்தின் இரத்தத்தில் பல வழிகள் கலந்திருக்கின்றன. அர்ஜென்டினாவில் ஃபலபெல்லா குடும்பம் தலைமுறைகளாக வளர்த்தெடுத்த சிறு குதிரைகள் ஒரு பக்கம்; ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளின் மட்டக்குதிரைகள் இன்னொரு பக்கம். பிரிட்டனில் 1842இல் பெண்களையும் பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடிச் சுரங்க வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் வந்ததும், நிலக்கரி வண்டியை இழுக்க அந்த ஷெட்லாந்துக் குதிரைகளை இறக்கினார்கள். கடுகின் கண்களைப் பார்த்தபோது, இருட்டுக்குள் நடந்த அதன் மூதாதையரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

"எப்படி இருக்கிறது, சொல்" என்றார் மாமா.

"கொழுகொழுவென்று இருக்கிறது, தாத்தா" என்றாள் மகள்.

"கண்ணால் பார்த்துச் சொல்லாதே. கையை வை."

குளிர்காலத்தில் இவற்றின் உடம்பில் கரடி போல மயிர் அடர்ந்துவிடுகிறது. அதற்குள் விரல்களை நுழைத்து, தோலைத் தொட்டு, லேசாக அழுத்தி விலாவைத் தேட வேண்டும். அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட்டால் மெலிவு. அழுத்தியும் தட்டுப்படாவிட்டால் கொழுப்பு. கடுகின் விலாக்கள் மயிருக்கு அடியில் ஒவ்வொன்றாக என் விரலுக்குக் கிடைத்தன. பக்கத்தில் நின்ற மிளகிடம் தேடித் தேடித்தான் கண்டுபிடித்தேன். மாமா தலையசைத்தார். மிளகுக்கு ஒரு மாதமாகப் பச்சைப் புல் கிடையாது.

காற்றும் குளிரும் அடிக்கிற தீவில் கிடைத்ததைத் தின்று பிழைத்த வம்சம் அது. கொஞ்சத் தீனியையே உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனிடம் நம் ஊர்ச் செழிப்பைக் கொட்டினால் அதுவே நோயாகிறது. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள், பந்தயக் குதிரைக்கு நானே அண்டா அண்டாவாகக் கொள்ளு வேகவைத்திருக்கிறேன். இவற்றுக்குக் கொள்ளைக் கண்ணில்கூடக் காட்டுவதில்லை" என்றார் மாமா. குதிரை மசால் என்ற தீவனப் பயிர் பேரிலேயே குதிரையை வைத்திருக்கிறது; அதுவும் இங்கே அளவாக, ஒரு கைப்பிடிதான். மற்றபடி காய்ந்த புல். ஆட்டு வியாபாரியின் எடை மேடையில் மாதம் ஒருமுறை மூன்றையும் நிறுத்துகிறார். கடுகு 88 கிலோ. உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் உலர்தீவனம் என்ற கணக்கில் அதற்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ. தொங்கு தராசில் நிறுத்து, நான்காகப் பிரித்து, சின்னக் கண்ணுள்ள வலைப்பையில் கட்டித் தொங்கவிடுகிறார். ஒவ்வொரு தழையாக இழுத்துத் தின்ன வேண்டும். நாளெல்லாம் மேய்ந்துகொண்டே இருப்பதற்கான வயிறு அது. அந்த நேரத்தைக் கொடுத்துவிட்டு அளவை மட்டும் குறைப்பதுதான் வித்தை.

குறைப்பதிலும் ஆபத்து உண்டு என்பது எனக்குப் புதிய செய்தி. மெலிய வேண்டும் என்று இவற்றைப் பட்டினி போட்டால், உடலில் சேர்ந்த கொழுப்பு கரைந்து இரத்தத்தில் பெருகிக் கல்லீரலைத் தாக்குகிறது. உயிரே போகும். பெரிய குதிரைகளைவிட மட்டக்குதிரைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். அதனால் ஒரு வேளை தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தாலே மாமா மருத்துவருக்குப் போன் செய்துவிடுகிறார். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிற்றில் சிக்கியது பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும். மாமா லத்தியை எண்ணுவது அதனால்தான்.

மாலையில் குளம்பு சீவுகிறவர் வந்தார். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். இவற்றுக்கு லாடம் அடிப்பதில்லை. சாக்கு விரித்துத் தரையிலேயே உட்கார்ந்து, சீரகத்தின் காலை ஒரு சாண் மட்டுமே தூக்கினார். பெரிய குதிரையின் காலைத் தூக்குவது போலத் தூக்கினால் இதன் மூட்டு பிசகிவிடுமாம். பற்களையும் வருடம் ஒருமுறை மருத்துவர் அரத்தால் ராவிவிடுகிறார். பெரிய குதிரைக்கு உள்ள அத்தனை பற்களும் இந்தச் சின்னத் தாடையில் நெருக்கியடித்து முளைக்கின்றன.

அப்போதுதான் மாமா என் விரலைப் பிடித்து, சீரகத்தின் குளம்புக்கு மேலே, கணுவின் பின்புறப் பள்ளத்தில் வைத்தார். "நாடி தெரிகிறதா?" வெகு நேரம் தேடிய பிறகு மெல்லிய ஒரு துடிப்பு. "இப்படித் தேடவேண்டியிருந்தால் நல்லது. விரலை வைத்ததும் திம் திம் என்று அடித்தால், குளம்பு சுட்டால், உள்ளே அழற்சி. குளம்பையும் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் சதைமடல் வீங்கிவிட்டது என்று அர்த்தம். முன்காலை நீட்டி வைத்து, பாரத்தைப் பின்னால் சாய்த்து நிற்கும். அதிகமாகத் தீனி போட்டவன் கொடுத்த வலி அது."

என் கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விடுதிக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். அங்கே வெள்ளையும் பழுப்புமாக ஒரு குட்டிக் குதிரை தனியாகக் கட்டப்பட்டிருந்தது. விருந்தினர்கள் ஊட்டுவதற்கென்று ரொட்டித் துண்டுகளைப் பொட்டலம் போட்டு விற்றார்கள். நாங்களும் இரண்டு பொட்டலம் வாங்கினோம். அது முன்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றது. மகள் அதைப் பார்த்து "அம்மா, இது உட்காரப் பார்க்கிறது" என்று சிரித்தாள். நான் படம் எடுத்தேன். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. மாமாவிடம் காட்டினேன். அவர் பெரிதாக்கிக் குளம்புகளைப் பார்த்தார். "தனியாகவா வைத்திருந்தார்கள்?" என்று கேட்டுவிட்டு, போனைத் திருப்பித் தந்தார்.

இரவு உணவுக்கு முன் கேரட் வெளியே வந்தது. ஒன்றே ஒன்று. வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும் என்று நீளவாக்கில் மெல்லிய குச்சிகளாகச் சீவி, மூன்று தொட்டிகளில் பிரித்துப் போட்டார். கையிலிருந்து ஊட்டினால் கடிக்கப் பழகிவிடும் என்பதால் தொட்டியில்தான். மகள் சவாரி கேட்டாள். "இவை ஏறுவதற்கான குதிரைகள் இல்லை கண்ணு, கூட நடப்பதற்கானவை" என்று கடுகின் கயிற்றைக் கொடுத்தார். இருவரும் வேலியோரமாக நான்கு சுற்று நடந்தார்கள். வெளியே தெருநாய்கள் குரைத்தபோது கடுகு காதுகளை விறைத்து நின்றது. மகளும் கூடவே நின்றாள். பத்து மணிக்கு டார்ச் பிடித்துக்கொண்டு லாயத்தைச் சுற்றி வந்து, "மூன்றும் லத்தி போட்டுவிட்டன" என்று வீட்டுக்குள் குரல் கொடுத்தாள்.

மறுநாள் பஸ்ஸில் திரும்பும்போது அந்த விடுதியின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். அந்தக் குதிரை இப்போது அங்கே இல்லையாம். எங்கே போனது என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. அதன் பெயரையாவது கேட்கும்படி மகள் என் கையை இழுத்தாள். கேட்டேன். பெயர் எதுவும் வைக்கவில்லை என்றார்.